ஆமா போடப் போன ஊர்

முதல் நாள்

நெல்லை எக்ஸ்பிரஸ் சொன்ன நேரத்துக்கே ஜங்ஷனில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அரைத் தூக்கத்தில் ஒரு காபி, அப்புறம் பாபநாசம் பஸ். மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கிறது. காலை எட்டு மணிக்கே ஜன்னல் கம்பி சுடுகிறது. அல்வாவைப் பற்றி எழுதுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். திரும்பும்போது வாங்குவேன், அவ்வளவுதான்.

பத்தமடை தாண்டியதும் பக்கத்து சீட் பெரியவர் "எங்கன போறிய?" என்று ஆரம்பித்தார். ஊர்ப் பேரைச் சொன்னேன். யார் வீட்டுக்கு என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, பிள்ளைகளோடு ஒரு ஆய்வு என்றேன். "படிப்பு எப்படி இருக்குன்னு பாக்க வாரியளோ?" இல்லை. "சத்துணவா?" அதுவும் இல்லை. "பொறவு என்னத்தத்தான் பாப்பிய?" சேரன்மகாதேவி வருவதற்குள் அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. இங்கே முயன்று பார்க்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அப்பா அம்மாவையும் வாத்தியாரையும் கேட்பது பழைய வழக்கம். அவர்கள் சொல்வதில் பாதி அவர்களுடைய கவலையாகத்தான் இருக்கும். சரி, பிள்ளையையே கேட்போம் என்று நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தால், அது வாய்ப்பாடு ஒப்பிக்க நிறுத்தியது மாதிரி விறைத்துக்கொள்ளும். அதனால் படம், வரைபடம், கேமரா, பாட்டு, நாடகம் என்று கையில் எதையாவது கொடுத்து, அவர்கள் செய்துகொண்டே பேசுவதைக் கேட்பது. மானுடவியலில் இப்படி ஒரு பாதை கொஞ்ச காலமாகவே இருக்கிறது. எங்கள் கேள்வி எளிமையானது: பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அதன் ஊர் எவ்வளவு பெரியது? எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, எங்கே போக மனசு வராது?

எங்கள் என்றால் நானும் ஒரு ஓவிய நண்பரும். அவர் மதுரையிலிருந்து வந்து அம்பாசமுத்திரத்தில் சேர்ந்துகொண்டார். அங்கே இறங்கியதற்குக் காரணம் சொப்புச் சாமான். கடைசல் பிடித்த மரத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்குச் சாயம் ஏற்றிய அம்மி, உலக்கை, குடம், திருகை, முறம். எங்கள் ஆய்வில் சேருவது பெரிய பிள்ளைகள்தான், ஆனால் ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ தொற்றிக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியும். அதுகளை உட்காரவைக்க ஒரு செட் வேண்டும். கேஸ் சிலிண்டர் சொப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு இரண்டு அடுப்பை எடுத்துப் போட்டார்.

போகிற ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து ஊர்களில் ஒன்று, அது போதும்.

இரண்டாம் நாள்

இடம் பிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் நாங்கள் மிஸ்ஸும் சாருமாகிவிடுவோம். கோயில் முன்னால் என்றால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வராது. ஏன் வராது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு நெற்களம் கிடைத்தது. பிசான அறுப்பு முடிந்து சும்மா கிடக்கிறது. ஓரத்தில் இரண்டு மருதமரம். பதினொரு மணி வரைக்கும் நிழல் தாங்கும்.

வந்தது 22 பேர். இடுப்பில் நாலு வாண்டுகள்.

முதல் காரியம் பெயர். எழுதும்போது உங்கள் சொந்தப் பெயர் வராது, பிடித்த பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஆய்வாளரே உட்கார்ந்து ராமு, சோமு என்று சூட்டுவதும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இங்கே வந்த பெயர்கள்: மின்னல், கலெக்டர், பரோட்டா, மயிலு, இரண்டு தோனி. தோனிகளுக்குள் சண்டை வந்து ஒருவன் சின்னத் தோனி ஆனான். இரண்டு பேரில் அவன்தான் உயரம்.

அடுத்தது சம்மதம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. பிள்ளையின் சம்மதம் வேறு கணக்கு, காலையில் இருக்கும், மத்தியானம் போய்விடும். வேண்டாம் என்று தோன்றினால் தூக்கிக் காட்ட நண்பர் சிவப்பு அட்டையும் பச்சை அட்டையும் வெட்டி எடுத்து வந்திருந்தார், கையேட்டில் உள்ளபடி. கலெக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? காய் விட்டாப் போதும்லா?" என்றாள். போதும்தான். காய் விட்டால் நிறுத்த வேண்டும், பழம் விட்டால் தொடரலாம். ஐ.நா. சபை 1989-ல் கொண்டுவந்து, இந்தியா 1992-ல் சேர்ந்துகொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-வது பிரிவு என்று ஒன்று உண்டு: தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது, அதற்குரிய மதிப்பைப் பெரியவர்கள் தர வேண்டும். கலெக்டருக்கு அது மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. அட்டைகளை வாண்டுகள் தின்றுவிட்டன.

பிறகு, "உங்க ஊரை வரைங்க" என்று காகிதம் கொடுத்தோம். அரை மணி கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு டிக் மார்க் பறவை. நீங்களும் வரைந்திருப்பீர்கள், நானும் வரைந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பரோட்டாவிடம் கேட்டேன், சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று. உதிக்கிறது என்றான். களத்திலிருந்து தலையைத் தூக்கினால் பொதிகை தெரியும், மேற்கே. "அந்த மலையிலயா உதிக்கும்?" அவன் திரும்பி மலையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், கொஞ்சமும் அசரவில்லை.

"அக்கா, இது படத்துச் சூரியன். நம்மூர்ச் சூரியன் இல்ல."

1928-ல் மார்கரெட் மீட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பசிபிக் கடலில் நியூ கினி பக்கத்து மானுஸ் தீவுக்குப் போய் அங்கிருந்த பிள்ளைகளிடம் பென்சிலும் காகிதமும் கொடுத்தார். அதுவரை பென்சிலையே பிடிக்காத பிள்ளைகள். 30,000-க்கும் மேல் படங்கள் சேர்ந்தன. சின்னப் பிள்ளைகள் கல்லுக்கும் மரத்துக்கும் உயிர் இருப்பதாக நினைப்பார்கள் என்ற அன்றைய உளவியல் கருத்தைச் சோதிக்க அவற்றையும் பயன்படுத்தினார். பிள்ளைகள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை, ஆவியும் பேயும் பெரியவர்கள் பேச்சில்தான் நிறைய என்று எழுதினார். எனக்கு அந்த முடிவைவிட அந்த 30,000 காகிதங்கள் மேல்தான் பொறாமை. அவற்றில் ஒன்றில்கூட டீச்சர் சொல்லிக்கொடுத்த மலை இருந்திருக்காது.

படம் கைகொடுக்காத கடுப்பில் நான் செய்யக் கூடாததைச் செய்தேன், கேள்வி கேட்டேன். விளையாட இடம் இருக்கா? ஆமா. பள்ளிக்கூடம் பிடிக்குமா? ஆமா. ராத்திரி வெளியே வரப் பயமா இருக்குமா? ஆமா. பகலில் பயம் இல்லையே? ஆமா. பரோட்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏல, வில்லுப்பாட்டுல ஆமா போடுத ஆளு மாதிரி ஆயிட்டோம்ல நாம!" அவன் தாத்தா கோயில் கொடை விழாக்களில் வில்லுக்குக் குடம் அடித்தவராம். புலவர் ஒரு அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஆமா போட வேண்டும். புலவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வில்லியம் கோர்சாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இத்தாலியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆய்வு செய்தபோது அவருடைய இத்தாலிய மொழி மகா மோசமாம். பிள்ளைகள் சிரித்து, திருத்தி, இந்தப் பெரிய ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தங்களோடு சேர்த்துக்கொண்டார்களாம். என் கையில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மயிலு சொன்னாள்: "அக்கா, நீங்க டிவில பேசுத மாதிரியே பேசுதிய." நல்லது. இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது மரத்தடியில் ஒரு காட்சி. நாலு வயசிருக்கும் ஒருத்தி சொப்பு அடுப்பையும் பானையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு முறத்தை மட்டும் மடியில் வைத்திருந்தாள். அதில் வேப்பிலை. ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, அடுக்கினாள். இன்னொரு வாண்டு கை நீட்டியபோது அதட்டல்: "பேசாம இரு, கணக்குக் குடுக்கணும்." இந்தப் பகுதியில் எத்தனை வீட்டுத் திண்ணையில் பீடித் தட்டு இருக்கிறது என்பதற்கு எங்களிடம் ஒரு தனிக் கேள்வித்தாள் இருந்தது. பையை விட்டு அதை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள்

இன்று காகிதம் இல்லை, கோலமாவு. இது வெளியூர்ச் சரக்கும் இல்லை. 1990 வாக்கில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்ற ஊரக வளர்ச்சி ஆய்வாளர்களும் கர்நாடகத்து மைராடா போன்ற அமைப்புகளும் கிராமத்து ஆட்களையே தரையில் ரங்கோலிப் பொடியும் விதையும் கல்லும் வைத்து ஊர் வரைபடம் போடச் சொன்னார்கள். அப்புறம் அது உலகமெல்லாம் போனது. காகிதம் என்றால் ஒருவர் கையில் பென்சில் இருக்கும், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தரை என்றால் நாலு பக்கமும் ஆள் நிற்கலாம், காலால் அழித்து மறுபடி போடலாம்.

பத்து நிமிடத்தில் படத்துச் சூரியன் காணாமல் போனது. நம்மூர் வந்துவிட்டது. நீலப் பொடியில் கால்வாய், செங்கல் தூளில் தெருக்கள், தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு டம்ளர் கவிழ்த்து, ரேஷன் கடைக்குச் செருப்பு. கரித்தூளால் ஒரு பெரிய வட்டம் போட்டு "கடிக்கிற நாய்" என்றார்கள். பெரியவர்கள் போடும் எந்த வரைபடத்திலும் நாய் இருக்காது.

மாலை ஆறு மணி ஆனால் ஊர் எப்படி இருக்கும் என்று பக்கத்திலேயே இன்னொன்று போடச் சொன்னோம். பையன்களின் ஊர் அப்படியே இருந்தது, மெயின் ரோட்டுப் பரோட்டாக்கடை வரைக்கும் நீண்டது. பெண் பிள்ளைகள் பொடியை உள்பக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். குளத்தங்கரை போனது, கடிக்கிற நாய் போனது, பஸ் ஸ்டாப் போனது. கடைசியில் நாலு வீடும் ஒரு குழாயடியும் மிச்சம். மின்னலுக்குப் பதினாலு வயது. அவள் காலை வரைபடத்துக்குத் திரும்பிப் போய் ஆற்றையும் துடைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, நேற்றுப் பட்டது போதும். அவளாகவே சொன்னாள்.

"ஆறு எனக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி வரைக்கும் இருந்துச்சு."

பெரிய மனுஷி ஆனதிலிருந்து ஆற்றில் குளிக்கப் போகக் கூடாது. வீட்டிலிருந்து ஆறு பத்து நிமிட நடை.

அதற்குப் பிறகு இன்று ஒன்று நடந்தது. இப்போது எழுத முடியாது. கேட்காமல் எழுதுவதில்லை என்று பழம் விட்டிருக்கிறோம்.

நான்காம் நாள்

முதலில் ஒரு திருத்தம். நேற்றுப் பதிவை மயிலுவின் அக்கா போனில் வாசித்துக் காட்டினாளாம். நாய் பெண் பிள்ளைகள் ஊரிலிருந்து போகவில்லை, ஆறு மணிக்கு மேல் அது மயிலு வீட்டு வாசலில்தான் படுக்கும், ஆகையால் "கடிக்கிற நாய் போனது" என்பது தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

இன்று நாலு பழைய டிஜிட்டல் கேமரா, நாலு குழு. பிள்ளைகள் முன்னால் போக வேண்டும், நாங்கள் பின்னால். எங்கே திரும்பினாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் கால்வாய் வெட்டப் பணம் வைத்திருந்தார், வழி தெரியவில்லை. ஒரு பசுவின் பின்னால் போகச் சொல்லி உத்தரவானது. பசு நடந்த வழியில் கால்வாய், கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இன்னிக்கு இவங்கதான் பசு" என்றார். பசு இவ்வளவு வேகமாக ஓடியிருக்காது என்று மத்தியானம் அவரே சொன்னார்.

எங்கள் பசு முதலில் படுத்த இடம், மூடிக் கிடக்கும் ஒரு அரிசி மில்லின் பின்சுவர். அங்கே ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் கேமராவை விட்டுப் பதினைந்து படம். எல்லாம் இருட்டு. அடுத்தது கால்வாய்க் கரையில் எரியாத தெருவிளக்கு. அதை மின்னல் கீழே படுத்துக்கொண்டு எடுத்தாள். அடுத்தது ஒரு திண்ணை. பீடி சுற்றிக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பரோட்டா எடுத்தான், முகம் வேண்டாம் என்று அம்மா சொன்னதால் கைகளை மட்டும். ஈரச்சாக்கில் சுற்றி வைத்த இலை, மேலே தகட்டு அளவு, கத்திரி, தூள் ஒட்டிய விரல். கத்திரியின் வளையத்தில் துணி சுற்றியிருந்தது. அது அழுத்தி அழுத்திக் கட்டைவிரலடியில் காய்த்துப்போயிருந்ததைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நான் எடுத்திருந்தால் நின்றபடி எடுத்திருப்பேன், இது தெரிந்திருக்காது. அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்திருந்தான். தினமும் பள்ளிவிட்டு வந்து அவன் உட்காரும் இடமாம் அது.

அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த பாட்டி, பிள்ளைகள் ஆடுகளை வளைத்து வளைத்து எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இது எதுக்கு?"

பிள்ளைகள் ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பாட்டி.

"தெரிஞ்சு?"

எழுதுவோம்.

"எழுதி? கெணத்துல தண்ணி ஊறுமா?"

ஊறாது.

"பொறவு?"

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது, வெயிலால் மட்டும் இல்லை. 1966-ல் சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இருவர் அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ பழங்குடி மக்களிடம் சினிமா கேமரா கொடுத்து அவர்களையே படம் எடுக்கச் சொன்னார்கள். அனுமதி கேட்கப் போனபோது அங்கிருந்த முதியவர் கேட்டாராம், படம் எடுத்தால் ஆடுகளுக்குக் கெடுதலா என்று. இல்லை என்றார்கள். அப்போது ஆடுகளுக்கு நல்லதா? அதுவும் இல்லை. அப்புறம் எதற்குப் படம்? இந்த வேலைக்கு வருகிற எல்லாருக்கும் முதல் வருஷமே சொல்லித்தரும் கதை. வகுப்பில் சிரித்தோம். ஆட்டுக்கிடைக்கு நடுவில் ஒரு கிழவி அதையே கேட்பார் என்று அன்றைக்குத் தெரியாது.

1990-களில் சீனாவின் யுன்னானில் காரொலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்தபோது, எடுத்த படங்களை அதிகாரிகள் முன்னால் வைப்பது அந்த வேலையிலேயே ஒரு பகுதியாக இருந்தது. பாட்டிக்குச் சொல்ல என்னிடம் அப்படி ஒன்று இல்லை. மின்னல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்

மூன்றாம் நாள் நடந்ததை எழுத இன்று பழம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. ஊர்ப் பேர், தெருப் பேர் கூடாது. கயிற்றின் நிறம் கூடாது. மற்ற இரண்டைக் கடைசியில் சொல்கிறேன்.

வரைபடம் முடிந்ததும், அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை அதன் மேலேயே நடந்து காட்டுங்கள் என்றோம். வெறுங்காலில், ஒவ்வொருவராக. எல்லாரும் நாலு எட்டில் போய்ச் சேர்ந்தார்கள். சின்னத் தோனி அவன் வீட்டுச் செங்கலிலிருந்து கிளம்பி, மூலை வரைக்கும் வந்து, அங்கே இடப்பக்கம் திரும்பினான். கால்வாய்க் கரை ஏறினான். கரையோடு முழுசாகச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கி, பள்ளிக்கூடம் வந்தான். நேர் தெரு வழியாக வந்திருந்தால் அவனுக்கும் நாலு எட்டுதான்.

மயிலு வீடு அந்த நேர் தெருவில். "ஏன் இப்படி சுத்துத? எங்க தெரு வழியா வந்தா கிட்டதானே?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"கிட்டதான்," என்றான்.

யாரும் பேசவில்லை. மயிலு பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டான், கயிறு தெரியாதபடி. சின்னத் தோனி வந்த வழியே திரும்பிப் போய், அந்தத் தெருவை விட்டுவிட்டு, தான் நடந்த தடத்தை மட்டும் காலால் தேய்த்து அழித்தான். செங்கல் தூளும் நீலமும் கலந்து கரை முழுக்க ஒரு அழுக்கு நிறம். என் கையில் போன் இருந்தது. எடுக்கவில்லை. நல்ல தரவு போயிற்று என்று எங்கள் துறையில் சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரை உண்டு. கயிற்றை அறுக்கச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கால் எந்த மூலையில் திரும்புகிறது என்பதைப் பார்க்க எந்தச் சோதனையிலும் வழி இல்லை. எனக்கே, பிள்ளைகளைத் தரையில் நடக்கச் சொன்னதால் தற்செயலாகத் தெரிந்தது.

மிச்ச இரண்டு நிபந்தனைகள். மயிலு: "அவனாத்தான் அழிச்சான்னு எழுதுங்க. நாங்க யாரும் அழிக்கச் சொல்லல." சின்னத் தோனி: "நான் பயந்துக்கிட்டுப் போறேன்னு எழுதாதீங்க. சண்டை வேண்டாம்னுதான் போறேன்."

மத்தியானம் வேறு ஒரு தலைவலி. ஊர்ப் பெரியவர் ஒருவர் நல்ல மனதோடுதான் வந்தார். நாளைக்குக் கடைசி நாள் அல்லவா, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு பேனர் பிடிக்கவைத்து, ஒரு வரவேற்பு நடனம், பொன்னாடை, போட்டோ. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் பிள்ளைகளின் பங்கேற்புக்கு எட்டுப் படி கொண்ட ஒரு ஏணி போட்டார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் கணக்கு. அதில் இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர் அலங்காரம். அண்ணாச்சியிடம் ஏணியெல்லாம் பேச முடியுமா? "பிள்ளைகளே என்னமோ செய்யப்போகுதாம் அண்ணாச்சி, நமக்கும் பாய் போட்டிருக்கு" என்றேன். பொன்னாடை வாங்கியாகிவிட்டதே என்றார். அதை நண்பர் வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள்

மூங்கில் ஒன்றை வளைத்து நைலான் கயிறு கட்டி, கயிறு நெடுக மின்னலின் பழைய கொலுசு மணிகள். மண்குடம் ஒன்று, அதன் வாயில் அடிக்க ரப்பர் செருப்பில் வெட்டிய பாதி. உடுக்குக்குப் பவுடர் டப்பா. வில்லைத் தட்டும் வீசுகோலுக்கு மரஸ்கேல், நுனியில் ஒரு மணி. பரோட்டாவின் தாத்தா வந்து குடத்தை வைக்கோல் பிரிமனையில் சாய்த்து வைத்துக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். வில்லுக்கு முன்னால் கலெக்டர். பக்கத்தில் ஆமா போடும் இடம் காலியாக இருந்தது. "அக்கா, அங்கன உக்காருங்க."

மூன்று தடவை தப்பான இடத்தில் ஆமா போட்டேன். நாலாவது தடவை கலெக்டர் பாட்டை நிறுத்தினாள். "அக்கா, நான் சொல்லி முடிச்ச பொறவு போடுங்க. முடிக்கும் முன்னயே போடுதிய." கூட்டம் சிரித்தது. தாத்தாதான் அதிகம் சிரித்தார்.

அரை மணிப் பாட்டு. மில் ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பகுதி, இருட்டுதான் இருக்கிறது என்று முடிந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரை இருந்த ஆறு வந்தது. அந்த இடத்தில் பெண்கள் பக்கம் கொஞ்சம் அமைதி, யாரோ ஒரு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எரியாத விளக்கு வந்தது. தெரு வரவில்லை, வர வேண்டாம் என்று நேற்றே பேசி முடிவு செய்திருந்தார்கள். ஆனால் நாய் வந்தது. கடிக்கிற நாய் காலையில் எழுந்து ஊரைச் சுற்றுகிறது, எல்லாத் தெருவுக்குள்ளும் போகிறது, எல்லா வாசலிலும் படுக்கிறது, எங்கே போறே என்று அதை யாரும் கேட்பதில்லை. சின்னத் தோனி எழுதிய பகுதியாம். குடத்தடியும் அவன்தான். நான் ஆமா போட வேண்டிய இடம் வந்து, கலெக்டர் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தாமதமாகத்தான் போட்டேன்.

ஆட்டுக்கிடைப் பாட்டியும் வந்திருந்தார். முடிந்ததும் மின்னல் நேராக அவரிடம் போனாள். பிரிண்ட் போட்ட விளக்குப் படத்தைக் காட்டி, கிராம சபை மே ஒண்ணுதான் முடிஞ்சிட்டு, ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொண்டு போறோம் என்றாள். பாட்டி படத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "வெளக்குக்குச் சரி. கெணத்துக்கு?" அதற்கும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு கேமராவை விட்டுவிட்டு வந்தோம். படங்களை ஒட்டிய நோட்டு அவர்களிடம், எங்களிடம் ஜெராக்ஸ்.

இதை நெல்லை எக்ஸ்பிரஸில் இருந்து எழுதுகிறேன். அல்வா வாங்கினேன், காலடியில் இருக்கிறது. மணியாச்சி தாண்டும்போது ஒரு போன், மயிலுவின் அக்கா நம்பரிலிருந்து. பேசியது பரோட்டா.

"அக்கா, எங்க வீசுகோல் உங்க பையில வந்துட்டா?"

பையைத் திறந்தால் ஜெராக்ஸ் கட்டுக்கு நடுவில் மரஸ்கேல், மணியோடு. ஆமா என்றேன். நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"கூரியர் வேண்டாம். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நீங்களே கொண்டாங்க," என்றான். பின்னால் மயிலு ஏதோ கத்தினாள். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அஞ்சாம் நாள்ல ஒரு தப்பு இருக்காம். வரும்போது சொல்லுவாளாம்."